ராதாகிருஷ்ணன் படித்துவிட்ட மெயில்கள்

கிள்ளான் பொன்னூஞ்சல் மண்டபத்தில் கல்யாணம் நடத்தியவர்களில் பாதிப் பேராவது ராதாகிருஷ்ணனிடம் காலையில் சிடுசிடுத்திருப்பார்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார்கள். அவர் அங்கே முன்பதிவு மேனேஜர். வாசலில் வாழைமரம் சாய்ந்தாலும் அவர்தான் ஓடுவார், இரண்டாம் பந்தியில் ரசம் தீர்ந்தாலும் அவர்தான் ஓடுவார். மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போனபோது தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிய கதைகூட உண்டு. அந்தச் செருப்பு திரும்பி வரவே இல்லை.

அறுபது வயதானதும் ஓய்வு கொடுத்தார்கள். மண்டபத்து முதலாளி சொக்கலிங்கம் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ராதாகிருஷ்ணன் சாவிக்கொத்தை எடுத்து, தான் பழக்கிவிட்ட மலர்விழியின் கையில் வைத்தார். ஸ்டோர் ரூம் சாவி, ஜெனரேட்டர் சாவி, மேடைக்குப் பின்னாலிருக்கும் அலமாரிச் சாவி எல்லாம் அதில் இருந்தன. மண்டபத்து மெயில் மட்டும் அவர் கைப்பேசியிலேயே தங்கிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. அவரும் எடுத்துவிடவில்லை.

மகள் செமினியில் இருந்ததால் அவரும் மனைவி இராஜம்மாவும் அங்கேயே ஒரு வீடு வாங்கிக் குடிபோனார்கள். புதிய தாமான் குடியிருப்பு, அகலமான சாலை, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். முதல் வாரம் முழுக்க ராதாகிருஷ்ணன் கதவுக்கு எண்ணெய் போட்டார், குழாயைக் கழற்றி மாட்டினார், பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் வாழைக்குலைக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டாவது வாரம் செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

விடியற்காலையில் எழுந்து, பால் சேர்க்காமல் வறக்கோப்பி கலக்கிக்கொண்டு, முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மண்டபத்து மெயிலைத் திறப்பார். ஜனங்கள் வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதானே மண்டபத்துக்கு எழுத உட்காருவார்கள்? இரவில் வந்தவை எல்லாம் காலையில் அவருக்காகக் காத்திருக்கும். பகலிலும் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதைத் தொட மாட்டார். செய்தித்தாளைக் கோப்பியோடு படிப்பதுதான் சுகம் என்பது அவர் கட்சி.

“இன்னிக்கு யாருக்குங்க?” என்று இராஜம்மா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்ப்பார்.

“பூச்சோங்குல ஒரு டாக்டர் பொண்ணு. ஆவணியில வேணுமாம். மேடையில யானை வைக்கலாமான்னு கேட்டிருக்காங்க.”

“நிஜ யானையா?”

“பொம்மைதான். ஆனா கல்யாணத்துக்குள்ள நிஜ யானை கேப்பாங்க, பாத்துக்க.”

இப்படியே இருவருக்கும் பொழுது விடிந்தது. பதில் எழுதக் கூடாது என்பதில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். மலர்விழியின் வேலையில் கை வைப்பது மரியாதை இல்லை. பார்க்கிறதில் என்ன வந்தது? தெருவில் போகும்போது திறந்திருக்கிற கல்யாண வீட்டை ஒரு பார்வை பார்க்க மாட்டோமா?

ஆறு மாதம் போல ஓடியது. ஒருநாள் மலர்விழி போன் செய்தாள்.

“அண்ணே, மலர் பேசறேன். பண்டமாரான் சபாபதி அங்கிள ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா. ஸ்கூல்ல வேலை பாத்தாரே. என்னா?”

“மகளுக்கு நம்மகிட்ட சனிக்கிழமை புக் பண்ணியிருந்தாரு. இப்ப வந்து, ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்லி எப்பவோ மெயில் போட்டேன்னு குதிக்கிறாரு. கார்டுலகூட ஞாயித்துக்கிழமைன்னு அடிச்சுட்டாராம். அப்படி ஒரு மெயில் வரவே இல்ல அண்ணே.”

“வந்துச்சே...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்னா அண்ணே?”

“வந்திருக்கும்னு சொல்றேன். நல்லாத் தேடிப் பாரும்மா.”

தட்டச்சுப் பலகையின் சத்தம் கேட்டது. கடைசியில் மலர்விழி மெல்லிய குரலில், “இருக்கு அண்ணே. கீழ கெடக்கு. ஆனா படிச்ச மெயில் மாதிரி இருக்கு. புதுசு எல்லாம் தடியான எழுத்துல இருக்கும்ல, இது மெலிசா இருக்கு. காலையில வந்ததும் நான் தடியா இருக்கறத மட்டும்தான் தொறப்பேன். இத நான் படிக்கவே இல்லயே...” என்றாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சபாபதி அந்த மெயிலை அனுப்பும்போதே, படித்ததும் எனக்குத் தெரிவிக்கவும் என்று கேட்டு அனுப்பியிருந்தார். மண்டபத்து முகவரியிலிருந்து ‘படிக்கப்பட்டது’ என்று ரசீதும் போயிருந்தது. அதை நம்பித்தான் கார்டு அடித்தார். இதற்கிடையில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மலர்விழி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள். தெலுக் பங்லிமா காராங்கில் லோரிக் கம்பெனி வைத்திருக்கும் கன்னையாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து அன்றைக்குத்தான்.

போனை வைத்துவிட்டு ராதாகிருஷ்ணன் இராஜம்மாவிடம் திரும்பினார். “நல்ல பொண்ணுதான். அசந்துட்டா. நான் இருந்தப்ப ஒரு மெயில் தவறினதில்ல.”

“சனிக்கிழமை வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்களே, அந்த மெயிலா?” என்றார் இராஜம்மா. “எனக்கே ஞாபகம் இருக்கு. அத நீங்க படிச்சப்ப என்னமோ கேக்குதுன்னு ஓகே ஒண்ண அமுக்குனீங்க.”

“அதான் சொல்றேன், மெயில் வந்திருக்குன்னு. அவதான் கவனிக்கல.”

இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் சொக்கலிங்கமே கூப்பிட்டார். சொக்கலிங்கம் முதலில் கத்திவிட்டு, பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிற ரகம். இந்த முறை தேத்தண்ணி வரை போகவில்லை. “படிச்சுட்டுப் படிக்கலன்னு சாதிக்கிறா ராதா. இது ஒண்ணு இல்ல, இந்த வருஷம் நாலஞ்சு கொம்ப்ளேன். நீங்க வளத்த பொண்ணு, நீங்களே வந்து கேளுங்க. பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம மெயில பாத்துக்கற கம்பெனியிலேருந்தும் ஆள் வருது.”

மலர்விழிக்காக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் புறப்பட்டார். காஜாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, கிள்ளானில் இறங்கும்வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். பிள்ளைக்கு அனுபவம் போதாது, மன்னித்துவிடுங்கள், வேண்டுமானால் வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன். கடைசி வரி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மண்டபத்து ஆபீசில் மலர்விழி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். ராதாகிருஷ்ணனைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தது ஹாஜிரா என்ற பெண். திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி, வேலை விசாவில் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சுவரில் இருந்த பெரிய திரையில் மண்டபத்து மெயில்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள்.

“சார், ஒண்ணு கவனிச்சேன்,” என்றாள் சொக்கலிங்கத்திடம். “தவறிப்போன மெயில் எல்லாமே ராத்திரி வந்தது. பகல்ல வந்தது ஒண்ணுகூடத் தவறல. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே யாரோ படிச்சிருக்காங்க.”

“வீட்டுல உக்காந்து இவ படிச்சிருப்பா!”

“என் போன்ல ஆபீஸ் மெயிலே இல்ல முதலாளி,” என்றாள் மலர்விழி.

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். “படிச்சா என்னாம்மா? இங்க இருக்கற கம்ப்யூட்டர்ல அது புதுசாத்தானே காட்டணும்?”

“இல்ல அங்கிள். அங்கதான் எல்லாரும் தப்பா நெனைக்கிறாங்க.” ஹாஜிரா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மெயில் உங்க கம்ப்யூட்டர்லயோ போன்லயோ இல்ல, சர்வர்ல இருக்கு. படிச்சாச்சுங்கற அடையாளமும் அங்கயேதான் இருக்கு. ஒவ்வொரு மெயில் பக்கத்துலயும் சர்வர் சின்னக் குறி ஒண்ணு வச்சுக்கும். யாராவது தொறந்தா, பாத்தாச்சுன்னு குறி விழும். அப்பறம் எந்த மெஷின்ல போய்ப் பாத்தாலும் சர்வர் அந்தக் குறியத்தான் சொல்லும். அதனாலதான் ஒரு ஆள் போன்ல படிச்சத கம்ப்யூட்டர்ல மறுபடி தேட வேண்டாம். வசதிக்காகச் செஞ்சது.”

“ஒரு ஆளுக்கு சரி. இங்க நாலஞ்சு பேர் பாக்கறோமே?” என்றார் சொக்கலிங்கம்.

“நாலஞ்சு பேரும் ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்ட்ல உள்ள வர்றீங்க சார். சர்வருக்கு நீங்க எல்லாரும் ஒரே ஆள்தான். ஒருத்தர் தொறந்தா எல்லாரும் தொறந்த கணக்கு.”

ராதாகிருஷ்ணனின் முதுகில் ஒரு சில்லிப்பு இறங்கியது. ஏர்கோனைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் பக்கம் வீசவில்லை.

“யாரு படிக்கிறான்னு கண்டுபிடிச்சுடலாம்,” என்று ஹாஜிரா தொடர்ந்தாள். “சர்வர்ல பதிவு இருக்கு. ஒரு போன் தினமும் விடியற்காலையில வருது. அது யாருதுன்னு தேடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை மெயில் அனுப்பறேன். யாரும் கம்ப்யூட்டரத் தொட வேண்டாம். வெளிய இருக்கற ஆள் தொறந்தாருன்னா, இந்த வரி தானா மெலிசாகும். பாத்துக்கிட்டே இருப்போம்.”

ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் புதிய வரி ஒன்று தடித்த எழுத்தில் வந்து உட்கார்ந்தது.

டிங்.

சத்தம் ராதாகிருஷ்ணனின் சட்டைப் பையிலிருந்து வந்தது. மகள் அவருக்குக் காது மந்தம் என்று போனின் ஒலியை உச்சத்தில் வைத்துக் கொடுத்திருந்தாள்.

நான்கு பேரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். இராஜம்மாவின் மெசேஜாக இருக்கும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மலர்விழி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உட்கார நாற்காலி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள் அவள். ராதாகிருஷ்ணன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான்தான்,” என்றார். “தினமும் காலையில படிப்பேன். சும்மாதான்... பதில் ஒண்ணும் எழுத மாட்டேன். பாக்கறதுல ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.”

“அங்கிள், இத இப்ப தொறங்க,” என்றாள் ஹாஜிரா மெதுவாக.

அவர் விரலால் தொட்டார். திரையில் தடித்திருந்த வரி எல்லோர் கண்ணெதிரிலும் மெலிந்தது.

சொக்கலிங்கம் ஏதோ கத்தப் போனார். என்ன கத்துவது என்று தெரியாமல் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யோவ் ராதா! பொன்னாடை போத்தி அனுப்பினா, வீட்டுல உக்காந்து ஆபீஸ் நடத்துறியா?”

மலர்விழி சிரிக்கவில்லை. “ஆறு மாசமா அண்ணே,” என்றாள். “நாந்தான் படிச்சுட்டு மறந்துட்டேனோன்னு என்னையே சந்தேகப்பட்டேன். எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன். நீங்க நேத்து போன்ல, நல்லாத் தேடிப் பாருன்னு சொன்னீங்க.”

ரயிலில் ஒத்திகை பார்த்த வரிகள் எல்லாம் எங்கேயோ போயின. “தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடு,” என்றார். மலர்விழி தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று அந்த அசைவில் தெரியவில்லை.

அந்தச் சங்கடத்தை ஹாஜிராதான் கலைத்தாள். சர்வர் படித்ததற்கு ஒரு குறி வைப்பதுபோலவே பதில் எழுதியதற்கும் தனியாக ஒரு குறி வைக்குமாம். “படிச்சாச்சு, ஆனா பதில் போகலங்கற மெயில மட்டும் தேடுன்னு சர்வர்கிட்டயே கேக்கலாம்,” என்று எதையோ தட்டினாள். ஒரு பக்கம் நிறைய வந்து விழுந்தது. விளம்பரங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மண்டபத்தின் பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்த சில குடும்பங்கள் மிஞ்சின.

அன்று மத்தியானம் முழுக்க மலர்விழி ஒரு போனிலும் ராதாகிருஷ்ணன் ஒரு போனிலும் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு மெயிலையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கோப்பியோடு படித்தவை. “அம்மா, பொம்மை யானை கேட்டீங்களே, பொன்னூஞ்சல்லேருந்து பேசறேன்,” என்று அவர் ஆரம்பித்தபோது மலர்விழியின் உதட்டோரம் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது. சிலர் ஏற்கனவே வேறு மண்டபம் பார்த்துவிட்டார்கள், இரண்டு பேர் திட்டினார்கள். டாக்டர் வீட்டம்மா மட்டும் இன்னும் காத்திருந்தார்.

பிறகு சபாபதி விவகாரம். கன்னையாவை நேரில் போய்ப் பார்ப்பதுதான் முறை என்றார் ராதாகிருஷ்ணன். மலர்விழி தன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு தெலுக் பங்லிமா காராங் போனாள். வழியில் அவள் ரேடியோகூடப் போடவில்லை. தொழிற்பேட்டை லோரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன.

கன்னையா பனியனோடு வாசலில் நின்று ஒரு லோரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராதாகிருஷ்ணன் எதையும் மறைக்காமல் சொன்னார். மெயிலைத் தான் படித்தது, அதனால் இந்தப் பிள்ளை பார்க்காமல் போனது, ஒரு பெண்ணின் கல்யாணக் கார்டு அச்சாகிவிட்டது, எல்லாம் சொன்னார். கடைசியில், “உங்க விருந்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டா அந்தக் கல்யாணம் நடக்கும். மாட்டேன்னு சொன்னாலும் உங்க மேல தப்பில்ல,” என்றார்.

“ரிட்டயர் ஆன மனுசன் காலாங்காத்தால வேற யாரோட மெயில படிக்கிறீங்க?” என்று கேட்டார் கன்னையா.

“ஆமாங்க.”

“என் மகன் என்னை ஆபீசுக்கு வராதேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் இங்க நின்னு டயரத் தட்டிக்கிட்டு இருக்கேன்.” கன்னையா வயிறு குலுங்கச் சிரித்தார். “சனிக்கிழமைதான் எனக்கும் தோது, பாஸ். ஜொகூர்ல இருக்கற சொந்தமெல்லாம் ஞாயித்துக்கிழமை ஹைவேயில மாட்டிக்குவோம்னு இப்பவே பொலம்புதுங்க. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. மட்டன் பெரட்டல நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கணும்.”

திரும்பும் வழியில் காரில் மலர்விழி ரேடியோவைப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும், “பெரட்டல் நல்லா வரணும்னா சமையல்காரர அன்னிக்கு நீங்கதான் சமாளிக்கணும். என் பேச்சக் கேக்க மாட்டாரு,” என்றாள். ராதாகிருஷ்ணன் வேகமாகத் தலையாட்டினார்.

சபாபதி வீட்டுக்கும் இருவருமாகவே போனார்கள். அவர் முதலில் கதவையே பாதிதான் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் அவருக்குத்தான் என்று தெரிந்ததும் முழுதாகத் திறந்தார். தேத்தண்ணி வந்தது. “ரசீது வந்துச்சு, அதான் நம்பிட்டேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படித்ததாக வந்த ரசீதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது தன் பிழைதான், ஒரு போன் போட்டிருக்கலாம் என்று கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

அந்த வாரமே ஹாஜிரா பழைய பாஸ்வேர்டை மாற்றினாள். ஆபீசில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தாள். இனி பெட்டி பொதுவானாலும் யார் எதைப் படித்தார்கள் என்ற குறியை சர்வர் ஆளுக்கு ஆள் தனியாக வைத்துக்கொள்ளும். பதில் போனதா என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும்.

மறுநாள் காலை செமினியில் ராதாகிருஷ்ணனின் போன் பாஸ்வேர்ட் தவறு என்றது. அவர் அந்த மெயிலைப் போனிலிருந்து எடுத்துவிட்டார். எப்படி எடுப்பது என்று தெரியாமல் மகளைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் எடுத்தார். கோப்பி ஆறிப் போயிருந்தது. இராஜம்மா அவர் கையில் பையைக் கொடுத்து, “வாங்க, பாசாருக்குப் போவோம். மீனு வாங்கி நாளாச்சு,” என்றார். அங்கே மீன்காரரோடு பேரம் பேசியதில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதற்கப்புறம் அதுவே காலை வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை கன்னையாவின் பிறந்தநாள் விருந்தில் மட்டன் பெரட்டலுக்குப் பக்கத்தில் ராதாகிருஷ்ணன் வியர்க்க வியர்க்க நின்றார். கன்னையா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் அடுப்படியைத் தேய்த்துக் கழுவி, மறுநாள் சைவச் சமையலுக்குப் புதுப் பாத்திரங்களை இறக்கும்வரை ராதாகிருஷ்ணன் கூடவே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் இராஜம்மாவும் சபாபதி வீட்டு அழைப்பில் விருந்தாளிகளாக வந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் அவருக்கு உட்கார முடியவில்லை. பந்தி வாசலில் கூட்டம் நெருக்குவதைப் பார்த்து எழுந்தார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வாக்கி டாக்கியோடு எதிரே வந்த மலர்விழி வழியை மறித்தாள்.

“எங்க அண்ணே?”

“பாயசம் ரெண்டாவது பந்திக்கு...”

“வருது. பின்னால வச்சிருக்கேன். போய் உக்காருங்க லா.”

அவர் போய் இராஜம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். இத்தனை வருடத்தில் பொன்னூஞ்சல் மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டது இதுதான் முதல்முறை. சாம்பார் நன்றாக இருந்தது. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை குறைவு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.